இவ்வழியே போனவர்கள்

ஒரு நாவலைப் படித்து முடித்த பிறகு, அதில் வரும் ஊரை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு அநேகமாக ஏற்படுவதில்லை. ஏற்பட்டாலும் அடக்கிக்கொள்வேன். ஊரைப் பார்த்துவிட்டால் புஸ்தகம் சிறுத்துப் போய்விடும் என்பது என் பயம். வில்லா கேதர் என்ற அமெரிக்க நாவலாசிரியை விஷயத்தில் மட்டும் இந்த விரதத்தை மீறினேன். டென்வர் நகரத்தில் வேலை பார்க்கும் என் தமக்கை மகன், ஆகஸ்டு மாதக் கடைசியில் பத்து நாள் லீவு போட்டுக்கொண்டு, "எங்கே போகலாம், சொல்லுங்கள் மாமா" என்று கேட்டான். மற்றவர்களானால் நயாகரா என்றிருப்பார்கள். நான் கேதருடைய இரண்டு நாவல்களை எடுத்து அவன் முன்னால் வைத்து, "இந்த இரண்டும் நடக்கிற இடங்களுக்கு" என்றேன்.

ஒன்று 1925-ல் வந்த 'பேராசிரியரின் வீடு'. மற்றது 1927-ல் வந்த 'ஆர்ச்பிஷப்பிடம் மரணம் வருகிறது'. இரண்டையும் இருபது வருஷமாகத் திரும்பத் திரும்பப் படித்து வருகிறேன். எழுதக் கற்றுக்கொள்ள விரும்பும் இளைஞர்களுக்கு நான் சிபாரிசு செய்யும் நாவல்களில் இவை இரண்டும் எப்போதும் உண்டு. அந்தச் சிபாரிசை இப்போதும் வாபஸ் பெறவில்லை. ஆனால் அதனுடன் சில வார்த்தைகளைச் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

1

முதல் நாவலின் அமைப்பு விசித்திரமானது. ஸெயின்ட் பீட்டர் என்ற சரித்திரப் பேராசிரியர் புது வீடு கட்டியிருக்கிறார். ஆனால் பழைய வீட்டு மாடியறையை விட்டுப் போக அவருக்கு மனம் இல்லை. மனைவி, இரண்டு பெண்கள், மாப்பிள்ளைகள், பணம், பொறாமை என்று குடும்பக் கதை நாற்காலியும் மேஜையுமாக அடைத்துக்கொண்டு போகிறது. நடுவில் திடீரென்று கதை நின்று, டாம் அவுட்லண்ட் என்ற இளைஞன் தன் வாயால் சொல்லும் வேறொரு கதை தொடங்குகிறது. மாடு மேய்க்கும் வேலையில் இருந்த அவன், ஒரு மேட்டு நிலத்தின் பிளவுக்குள் மாட்டைத் தேடிப் போகிறான். பனி தூறிக்கொண்டிருக்கிறது. அண்ணாந்து பார்த்தால், பாறைக் குகை ஒன்றினுள் கல்லால் கட்டிய ஒரு முழு ஊர், ஆள் அரவமற்று, அப்படியே இருக்கிறது.

இந்த அமைப்பைப் பற்றிக் கேதரே பின்னால் ஒரு கடிதத்தில் விளக்கியிருக்கிறார். பழைய டச்சு ஓவியர்கள் சாமான்கள் நிறைந்த அறையைத் தீட்டி, அதில் கடலைப் பார்க்கத் திறந்த ஒரு ஜன்னலையும் வைப்பார்களாம். தாம் செய்ததும் அதுதான் என்கிறார். ஜன்னல் என்பது சரியான வார்த்தை. குடும்பக் கதையின் புழுக்கத்திலிருந்து வாசகன் அந்த மலைக்காற்றுக்கு வரும்போது அடையும் நிம்மதியை, வேறு உத்தி எதனாலும் தந்திருக்க முடியாது.

அந்த மேட்டு நிலம் கொலராடோ ராஜ்யத்தின் தென்மேற்கு மூலையில் உள்ள மேஸா வெர்டே. அந்தக் கல் ஊருக்கு 'கிளிஃப் பாலஸ்' என்று பெயர். நாங்கள் எதிர்ப்புறப் பாறை விளிம்பில் நின்று அதைப் பார்த்தபோது மாலை வெயில் குகைக்குள் நேராக விழுந்திருந்தது. சுமார் 150 அறைகள். நடுவில் உருண்டையான ஒரு கோபுரம். தரைக்குள் வட்டமாகத் தோண்டிய பூஜை அறைகள், 'கீவா' என்கிறார்கள், இருபதுக்கு மேல் உண்டு. அந்த வட்டாரத்தில் மட்டும் இப்படிக் குகைக்குள் கட்டிய குடியிருப்புகள் ஏறக்குறைய 600 இருக்கின்றன. கேதர் ஒன்றையும் மிகைப்படுத்தவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோபுரத்தின் வளைவு, கல்லின் நிறம், அந்த நிசப்தம் எல்லாம் புஸ்தகத்தில் உள்ளபடியே இருந்தன. ஊரைப் பார்த்தால் புஸ்தகம் சிறுத்துவிடும் என்ற என் பயம் அந்த மாலையில் பொய்த்தது.

சரித்திரம் இப்படி: 1888-ம் வருஷம் டிசம்பர் 18-ந் தேதி, ரிச்சர்ட் வெதரில் என்ற பண்ணைக்காரரும் அவருடைய மைத்துனர் சார்லி மேஸனும் மாடு தேடிப் போனபோது இதைக் கண்டார்கள். வெதரில் சகோதரர்கள் குகைகளைத் தோண்டிப் பானைகளையும் கூடைகளையும் உலர்ந்த பிரேதங்களையும் சேகரித்தார்கள். ஸ்மித்சோனியன் ஸ்தாபனத்துக்கு எழுதிப் பார்த்தார்கள், உதவி வரவில்லை. ஒரு சேகரிப்பை டென்வரில் விற்றார்கள். 1891-ல் குஸ்டாஃப் நார்டென்ஷியோல்ட் என்ற ஸ்வீடன் தேசத்து இளைஞர் வந்து, வெதரில்களுடன் சேர்ந்து ஒழுங்காகத் தோண்டி, பெட்டி பெட்டியாகச் சாமான்களை ரயிலேற்றப் போனார். ஊரார் அவரைக் கைது செய்ய வைத்தார்கள். அவர்மேல் சுமத்தச் சட்டம் ஒன்றும் இல்லாததால் விட்டுவிட நேர்ந்தது. சாமான்கள் கடல் கடந்து போய், கடைசியில் பின்லாந்து தேசத்து மியூஸியத்தில் சேர்ந்தன. புராதனச் சின்னங்களைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் 1906-ல்தான் வந்தது. மேஸா வெர்டே தேசியப் பூங்காவானதும் அந்த வருஷம்தான்.

கேதர் 1915-ல் இங்கே வந்தார். வெதரில் குடும்பத்தார் ஒருவரிடமே இந்தக் கதையைக் கேட்டார். பத்து வருஷம் கழித்து அதை நாவலாக்கினார். நாவலில் ஸ்வீடன்காரர் ஜெர்மானிய வியாபாரியாகிவிட்டார். விற்கும் காரியத்தை டாம் செய்வதில்லை. அவன் வாஷிங்டனில் அதிகாரிகளின் வாசல்களில் காத்துக் கிடக்கும்போது, அவனுடைய சிநேகிதன் ராடி, இவனுக்கு உதவி செய்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் 4,000 டாலருக்கு விற்றுவிடுகிறான். திரும்பி வந்த டாம் கொதித்துப் போகிறான். அவை விலைக்கு உரியவை அல்ல, இந்த தேசத்தைச் சேர்ந்தவை, தங்களைப் போல் சொல்லிக்கொள்ள வேறு முன்னோர் இல்லாத பையன்களைச் சேர்ந்தவை என்று வாதாடுகிறான். ராடி இரவோடு இரவாகப் போய்விடுகிறான். பிறகு அவனைக் காணவே இல்லை.

இருபது வருஷமாக இந்தக் கட்டத்தில் நான் டாமின் பக்கமே நின்றிருக்கிறேன். எதிரே கல் ஊரைப் பார்த்தபடி அந்தப் பக்கங்களை மறுபடி படித்தபோது, முதல் தடவையாக, எனக்கு அவன் பேச்சு நெருடியது. டாம் அநாதை. முன்னோர் இல்லாதவன். அதனால் இந்தக் குகைக்காரர்களைத் தன் முன்னோராகச் சுவீகரித்துக்கொள்கிறான். நல்ல உணர்ச்சிதான். ஆனால் அவர்களுக்குச் சொந்தப் பேரன் பேத்திகள் இருந்தார்களே!

இது இப்போது கிடைத்த ஞானம் அல்ல. இங்கிருந்து தெற்கே இரண்டு மூன்று நாள் பயணத்தில் ஹோப்பி, ஸூனி, ஆகோமா, லகூனா என்று எத்தனையோ ஊர்கள். கல்லும் மண்ணுமாக அதே மாதிரி அடுக்கு வீடுகள், அதே கீவா, அதே சோளம். பூப்ளோ இந்தியர்கள் என்று பொதுப்பெயரில் சொல்லப்படும் அந்த மக்கள் இந்தக் குகைக்காரர்களின் சந்ததியார் என்பதைக் கேதர் எழுதுவதற்கு முன்பே அறிஞர்கள் சொல்லியிருந்தார்கள். நாவலில் டியூஷேன் பாதிரியார் என்று ஒருவர் வருகிறார். பூப்ளோ ஊர்கள் பலவற்றுக்குக் குருவாக இருந்தவர், அவர்கள் பாஷைகள் தெரிந்தவர். குகையில் எடுத்த பானை ஒன்றைப் பார்த்து அவருக்குக் கிரீட் தீவின் பழம்பானை ஞாபகம் வருகிறது! இந்த மக்களை எவரோ நாடோடிக் கூட்டத்தார் பூண்டோடு அழித்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறார். தம்முடைய சபையில் ஞாயிற்றுக்கிழமை முழந்தாளிடும் ஒரு கிழவியைக் கூப்பிட்டு, "அம்மா, இந்தப் பானையைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்கவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றாதது குற்றமல்ல. கேதருக்குத் தோன்றாததுதான் குறை.

அழிக்கப்பட்டார்கள் என்பதும் நிலைக்கவில்லை. 1929-ல் டக்ளஸ் என்ற வானநூல் அறிஞர் பழைய உத்தரங்களின் மர வளையங்களை எண்ணிக் காலத்தைக் கணக்கிடும் முறையை நிலைநாட்டினார். வளையங்கள் சொன்ன செய்தி, 1276 முதல் 1299 வரை அங்கே கடும் வறட்சி என்பது. வறட்சி ஒன்றுதானா, சண்டை சச்சரவும் சேர்ந்ததா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எப்படியானாலும் 1300-க்குள் ஊரைக் காலி செய்துகொண்டு தெற்கே போய்விட்டார்கள். இந்தக் கணக்கு நாவல் வந்து நாலு வருஷம் கழித்து வந்தது; ஆகவே இதைக் கேதர் தலையில் சுமத்துவது நியாயமாகாது. ஆனால் மனிதர்கள் மறைந்து போய்விட்டார்கள் என்று முடிவு கட்டிக்கொண்டால் கதை எழுதுவதற்கு எத்தனை சௌகரியம் என்பதை, கதை எழுதுகிறவன் என்ற முறையில், நான் அறிவேன். மறைந்தவர்கள் மறுப்புக் கடிதம் எழுத மாட்டார்கள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லியாக வேண்டும். நாவலில், உலர்ந்த பிரேதம் ஒன்றுக்கு அந்தப் பையன்கள் 'ஏவாள் தாய்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விலா அருகே காயம். அலறுவது போல் திறந்த வாய். பாதிரியார் அதைப் பார்த்து ஒரு சோரம் போன மனைவியின் கதையையே கட்டிவிடுகிறார். வியாபாரி அவளையும் வாங்கிக் கோவேறு கழுதைமேல் ஏற்றிக்கொண்டு போகும்போது, கழுதை கால் தவறி, அவளோடு பள்ளத்தில் விழுந்துவிடுகிறது. மற்றச் சாமான்கள் எல்லாம் போயின. அவள் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. இதை எழுதிய கேதரின் கைக்கு, அவருடைய மூளைக்குத் தெரியாத ஏதோ ஒன்று தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் 2019-ல் பின்லாந்து, நார்டென்ஷியோல்ட் கொண்டுபோன சேகரிப்பிலிருந்து 20 பேருடைய உடல் எச்சங்களையும் அவர்களோடு புதைத்திருந்த 28 பொருள்களையும் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 2020 செப்டம்பரில் அவை வந்து சேர்ந்து, மேஸா வெர்டே எல்லைக்குள்ளேயே மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. அடக்கம் செய்ய முன்நின்றவர்கள் ஹோப்பி, ஸூனி, ஸீயா, ஆகோமா ஊரார். அதாவது, நாவலில் இல்லாத பேரன் பேத்திகள்.

2

மறுநாள் சாக்கோ என்ற பழைய நகரத்துக்குப் போகப் புறப்பட்டோம். கடைசிப் பதின்மூன்று மைல் மண் ரஸ்தா. முந்தின இரவு மழை. ஒரு காட்டாற்றின் குறுக்கே ரஸ்தா போகும் இடத்தில், செம்மண் நீர் முழங்கால் ஆழத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது. என் மருமான் காரை நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு, "மாமா, இதில் இறக்கினால் கார் வராது, நாம்தான் நடந்து வரவேண்டும்" என்றான். ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வடியவில்லை, திரும்பிவிட்டோம்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "இந்த அம்மாள் மேஸா வெர்டேயில் எத்தனை நாள் இருந்தார்?"

"ஒரு வாரம் போல."

"ஒரு வாரமா? ஒரு வாரத்தில் இவ்வளவும் எழுதிவிட்டாரா?"

கேள்வியில் பாராட்டு இருந்ததா, பரிகாசம் இருந்ததா என்று எனக்கு விளங்கவில்லை. இரண்டுக்கும் இடம் உண்டு. அந்த ஒரு வாரத்தில் ஒரு நாள், கேதரும் அவருடைய தோழி ஈடித் லூயிஸும் அனுபவமில்லாத வழிகாட்டி ஒருவனுடன் பள்ளத்தாக்கில் இறங்கி வழி தப்பிவிட்டார்கள். உதவிக்கு ஆள் அழைத்துவர அவன் போய்விட, இரண்டு பெண்களும் பாறைமேல் உட்கார்ந்து, பொழுது சாய்வதையும் நிலா வருவதையும் பார்த்துக்கொண்டே பல மணி நேரம் காத்திருந்தார்கள். இரவில்தான் ஆட்கள் வந்து மேலே கூட்டிப் போனார்கள். அந்தப் பிரயாணத்திலேயே உத்தமமான நேரம் அதுதான் என்று தோழி பின்னால் எழுதியிருக்கிறார். நாவலில் டாம் தனியாக அந்த மேட்டில் கழிக்கும் கோடைக்காலத்தைப் படிப்பவர்களுக்கு அதன் ஊற்று எங்கே என்று தெரியும். வழிகாட்டி காட்டிய இடங்களிலிருந்து வந்ததல்ல அது. வழி தப்பி உட்கார்ந்த நேரத்திலிருந்து வந்தது. பிறகு பத்து வருஷம் அதை எழுதாமல் வைத்திருந்தார். பார்த்தது ஒரு வாரம், பொறுத்தது பத்து வருஷம். இந்தப் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

பாறையையும் வானத்தையும் நிசப்தத்தையும் அறிய ஒரு வாரம் போதும், உணரத் தெரிந்தவருக்கு. மனிதர்களை அறிய ஒரு வாரம் போதாது. என் மருமானுக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான். அன்று எனக்கு இது ஓடவில்லை. ஆகோமாவைப் பார்த்த பிறகுதான் ஓடியது.

3

இரண்டாவது நாவலை முதலாவதைவிட உயர்ந்தது என்று பலர் சொல்கிறார்கள். நானும் அந்தக் கட்சி. நியூ மெக்ஸிகோ அமெரிக்காவுடன் சேர்ந்த புதிதில் அங்கே வந்த பிரெஞ்சுப் பிஷப் லாடூரின் வாழ்க்கை அது. ஸான்டா ஃபேயின் முதல் ஆர்ச்பிஷப்பான லாமி என்பவரை மாதிரியாக வைத்து எழுதியது. கதைச் சிக்கல் என்று ஒன்றும் இல்லை. பிஷப் கோவேறு கழுதை ஏறி ஊர் ஊராகப் போகிறார், போகிற இடங்களில் சம்பவங்கள் நேர்கின்றன, வயதாகி இறக்கிறார். பழைய கோயில் சுவரில் எழுதிய சித்திரங்களைப் போல் எதையும் அழுத்தாமல், எல்லாவற்றையும் ஒரே சமனில் சொல்லிக்கொண்டு போகிறார் கேதர். உத்தி என்று ஒன்று இருப்பதே தெரியாத உத்தி.

அரிஸோனாவில் நவஹோ நாட்டில் உள்ள கேன்யன் டி ஷேய் என்ற செம்பாறைப் பள்ளத்தாக்கு இந்த நாவலின் கடைசிப் பகுதியில் வருகிறது. இன்றும் அதன் அடிப்பகுதியில் நவஹோக் குடும்பங்கள் சோளம் பயிரிடுகிறார்கள். நவஹோ வழிகாட்டியுடன்தான் நாம் உள்ளே போகலாம். 1864 ஜனவரியில் கிட் கார்ஸனின் படை இதற்குள் புகுந்தது. அதே வருஷம் கோடையில் காப்டன் ஜான் தாம்ஸனின் படை திரும்ப வந்து பீச் தோட்டங்களை வெட்டிச் சாய்த்தது. பட்டினியால் சரணடைந்தவர்களை முந்நூறு மைலுக்கு மேல் நடத்திக்கொண்டு போய் போஸ்க் ரெடொண்டோ என்ற இடத்தில் அடைத்தார்கள். எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அங்கே இருந்தார்கள். சுமார் 2,000 பேர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். 1868 ஜூன் முதல் தேதி உடன்படிக்கையாகி, சொந்த மண்ணுக்குத் திரும்ப அவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

கேதர் இதை மறைக்கவில்லை. வெட்டிய பீச் மரங்களையும் சொல்கிறார். தம் நண்பரான கார்ஸனே இதைச் செய்ததைக் கிழப் பிஷப் வேதனையோடு நினைத்துப் பார்க்கிறார். தம் ஆயுளில் இரண்டு பெரிய அநியாயங்கள் நீங்கக் கண்டதாகச் சொல்லும்போது, கறுப்பர்களின் அடிமைத்தனத்துக்குப் பக்கத்தில் நவஹோக்களின் நாடு கடத்தலை வைக்கிறார். 1927-ல், கௌபாய் சினிமாக்கள் இந்தியனைச் சுடுவதையே வீரமாகக் காட்டிக்கொண்டிருந்த காலத்தில், இப்படி எழுதத் துணிவு வேண்டும். கேதரை வெறும் அழகுப் பித்துக்காரி என்று தள்ளிவிடுகிறவர்கள் இந்தப் பக்கங்களைப் படித்ததில்லை.

அங்கிருந்து காலப் வழியாக எல் மோரோ போனோம். பாலைநிலத்தில் கப்பல் முனை போல் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வெளிர்ப்பாறை. அடியில் வற்றாத ஒரு குளம். வழிப்போக்கர்கள் எல்லோரும் தண்ணீருக்காக இங்கே தங்கியிருக்கிறார்கள். தங்கியவர்கள் பாறையில் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். இந்தியர்களின் பழைய சித்திரங்களையும் சேர்த்து 2,000-க்கு மேல் இருக்கிறதாம். ஐரோப்பியர்களுடையவற்றில் மிகப் பழையது டோன் ஹுவான் தே ஓன்யாடே என்ற ஸ்பானிஷ் கவர்னருடையது. தென்கடலைக் கண்டுவிட்டு இவ்வழியே போனதாக, 1605 ஏப்ரல் 16-ந் தேதியிட்டுச் செதுக்கியிருக்கிறார். செதுக்கிய இடத்தில் அதற்கு முன்பே ஓர் இந்தியச் சித்திரம் இருந்தது. அதன் மேலேயே செதுக்கியிருக்கிறார்.

"பாஸோ போர் ஆகீ", இவ்வழியே போனார். பின்னால் வந்தவர்களும் இதே வாசகத்தை எழுதி எழுதி வைத்திருக்கிறார்கள். பாறையின் உச்சிக்கு ஏறினால், சுமார் 875 அறைகள் கொண்ட ஓர் ஊர் இடிந்து கிடக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களில் ஒருவர்கூட, இங்கே இருந்தேன் என்று பெயர் எழுதவில்லை. இருக்கிறவனுக்கு எழுத வேண்டிய அவசியம் இல்லை. போகிறவனுக்குத்தான் அந்தத் தவிப்பு.

4

ஓன்யாடேயின் பெயரைப் பார்த்த மறுநாள் ஆகோமா போனது தற்செயல்தான். ஆனால் நல்ல வரிசையாக அமைந்தது. சமவெளியிலிருந்து 367 அடி உயரம் செங்குத்தாக எழும் பாறை. அதன் தலையில் ஊர். மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. வருஷம் முழுவதும் அங்கேயே இருக்கும் குடும்பங்கள் சில. மற்றவர்கள் கீழே வீடு வைத்துக்கொண்டு விசேஷங்களுக்கு வருகிறார்கள். வெளியார் ஊரார் ஒருவருடைய துணையுடன்தான் சுற்றிப் பார்க்கலாம். எங்களைக் கூட்டிப் போனவர் நடுவயது அம்மாள். சாந்தமாக, பத்திரிகைச் செய்தி படிப்பது போல், 1599-ஐப் பற்றிச் சொன்னார்.

1598 டிசம்பரில் ஓன்யாடேயின் மருமகன் உள்ளிட்ட பத்துப் பன்னிரண்டு ஸ்பானியர்கள் இந்த ஊரில் கொல்லப்பட்டார்கள். உணவுப் பண்டம் கேட்டு வந்த இடத்தில் தகராறு. 1599 ஜனவரியில் சுமார் எழுபது பேர் கொண்ட படை வந்தது. மூன்று நாள் சண்டை. ஏறக்குறைய 800 பேர் மாண்டார்கள். பிடிபட்டவர்களுக்கு ஓன்யாடே தீர்ப்பு எழுதினார்: இருபத்தைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டி இருபது வருஷம் அடிமை ஊழியம், பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட மற்றவர்களுக்கு, பெண்கள் உட்பட, இருபது வருஷம் ஊழியம். 1614-ல் ஸ்பானிஷ் அரசாங்கமே ஓன்யாடேயைக் கொடுமைக்காகக் குற்றவாளி என்று தீர்த்து, நியூ மெக்ஸிகோவிலிருந்து விலக்கி வைத்தது. அவர் வந்து 400 வருஷம் நிறைந்ததைக் கொண்டாடிய சமயத்தில், அந்த ராஜ்யத்தில் நின்ற அவருடைய சிலை ஒன்றின் வலது பாதத்தை யாரோ இரவில் அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நானூறு வருஷம் என்பது நாம் நினைப்பது போல் அவ்வளவு நீண்ட காலம் அல்ல.

அன்று இரவு விடுதியில் உட்கார்ந்து ஆகோமா அத்தியாயத்தைத் தேடிப் பிடித்துப் படித்தேன். 1599 அதில் இருக்கிறதா? இருக்கிறது. இந்தப் பாறையை எதிரி பிடித்தது ஒரே ஒரு தரம், கவசம் அணிந்த ஸ்பானியர்கள்தாம் என்று, பாதி வாக்கியம். அவ்வளவுதான். மற்றபடி அந்த ஊரார் பாறையில் ஏறியது நவஹோ, அபாச்சிகளுக்குப் பயந்து என்று ஒரு பக்கத்துக்குமேல் பிஷப் சிந்திக்கிறார். கோயிலில் பூஜை நடத்தும்போது, முன்னால் நிற்கும் ஜனங்களைப் பார்த்து அவருக்கு ஓட்டுக்குள் ஒடுங்கிய ஆமைகளின் ஞாபகம் வருகிறது. காலத்துக்கு அப்பாற்பட்டவர்கள், மாறாதவர்கள், எதுவும் உள்ளே நுழைய முடியாதவர்கள் என்று எண்ணி மனம் சோர்கிறார். ஏன் ஓட்டுக்குள் ஒடுங்கினார்கள் என்ற கேள்விக்கு விடை அந்தப் பாதி வாக்கியத்தில் இருக்கிறது. பிஷப் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்து அந்தப் பெரிய கோயிலைப் பார்த்து வியக்கிறார். 1629-க்குப் பிறகு கட்டியது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு பிடி மண்ணும் கீழேயிருந்து முதுகில் சுமந்து ஏற்றியது. படை பலத்தின் உதவி இல்லாமலே இவ்வளவு வேலை வாங்கிய ஸ்பானிஷ் பாதிரிகள் எப்பேர்ப்பட்டவர்களாக இருந்திருக்க வேண்டும் என்று மலைக்கிறார். இங்கே நான் புஸ்தகத்தை மூடி வைத்துவிட்டேன். படை பலம் இல்லாமலா? முப்பதே வருஷத்துக்கு முன் அந்தப் படை வந்துவிட்டுப் போயிருந்ததே! ஒரு காலோடு நடந்த கிழவர்களில் யாராவது அப்போதும் உயிரோடு இருந்திருப்பார்கள். பாதிரியாருக்குப் படை வேண்டியிருக்கவில்லை, ஞாபகமே போதும்.

ஆனாலும் நல்ல எழுத்தாளரை லேசில் தோற்கடித்துவிட முடியாது. சிறிது நேரம் கழித்து மறுபடி திறந்தேன். கூரையின் பிரம்மாண்டமான உத்தரங்கள் எங்கிருந்து வந்தன, மலை அவ்வளவு தூரத்தில் இருக்கிறதே என்று பிஷப் தம்முடைய இந்திய வழிகாட்டி ஹஸின்டோவைக் கேட்கிறார். அவன் தோளைக் குலுக்கிவிட்டு இரண்டே வார்த்தையில் பதில் சொல்கிறான். ஆகோமாக்காரர்கள் சுமந்தார்கள் என்பது அதன் பொருள். பிஷப்பின் ஒரு பக்கச் சிந்தனையைவிட அந்த இரண்டு வார்த்தை கனமாக இருக்கிறது. அதில் பெருமை, கசப்பு, நீ கேட்பதே வீண் என்ற அலுப்பு எல்லாம் இருக்கின்றன. முப்பது மைலுக்கு அப்பாலிருந்து அந்த மரங்களைச் சுமந்து வந்ததை எங்கள் வழிகாட்டி அம்மாளும் சொன்னார். ஏறத்தாழ அதே தொனியில்.

அடுத்த அத்தியாயத்தில், அந்த ஊரை ஆட்டிப் படைத்த ஒரு பாதிரியார், கோபத்தில் பரிசாரகப் பையன் ஒருவனைக் கொன்றுவிட, ஊரார் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாறை விளிம்பிலிருந்து எறிந்துவிடும் கதை வருகிறது. கேதர் அதை எந்தத் தீர்ப்பும் சொல்லாமல், மிக அமைதியாகச் சொல்கிறார். என்னுடைய முடிவு இதுதான்: ஊரார் பேசும் இடங்களிலும் செய்யும் இடங்களிலும் கேதர் மகா கலைஞர். ஊராரைப் பற்றிப் பிஷப் சிந்திக்கும் இடங்களில் அவர் வழிப்போக்கர். நாவலின் புகழ் பெற்ற பகுதிகள் பெரும்பாலும் இரண்டாவது வகை. நிலைத்து நிற்கப் போகிறவை முதல் வகை.

5

வழிப்போக்கர் எழுதவே கூடாது என்று நான் சொல்வதாக வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். அப்படிச் சொன்னால் முதலில் என் பேனாவைத்தான் உடைக்க வேண்டும். பல வருஷங்களுக்கு முன் ஒரு மலையூரில் பதினொரு நாள் தங்கிவிட்டு வந்து ஒரு நாவல் எழுதினேன். நன்றாக விற்றது. அந்த ஊர்ப் பள்ளிக்கூட உபாத்தியாயர் ஒருவர் எனக்கு எழுதிய கடிதத்தில் நாலே வரி. எங்கள் மலையை, மூடுபனியை, அருவியை இவ்வளவு அழகாக யாரும் எழுதியதில்லை என்று மூன்று வரி. ஆனால் புஸ்தகத்தில் எங்களைத் தேடினேன், காணவில்லை என்று ஒரு வரி. அந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. கோபம். இந்த அசட்டு வாத்தியாருக்கு நாவலைப் பற்றி என்ன தெரியும் என்ற கோபம். அந்தக் கோபம் தவறு என்று எனக்குத் தெரிய, கேதருடைய பாதி வாக்கியம் வேண்டியிருந்தது.

கேதரின் நேர்மையைக் காட்டும் ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். ராடி போன பிறகு டாம் அந்த மேட்டில் தனியாக, பரிபூரண ஆனந்தத்தில், ஒரு கோடையைக் கழிக்கிறான். கழித்துவிட்டு, சிநேகிதத்துக்கு நான் செய்த துரோகத்துக்கு என்றாவது ஒரு நாள் கணக்குக் கேட்கப்படுவேன் என்கிறான். அழகை அனுபவித்தவனுக்குக் கடன் உண்டு என்பது கேதருக்குத் தெரிந்தே இருந்தது. கடன் யாருக்கு என்பதில்தான் கணக்குப் பிழை. ராடி பெயரை எழுதினார். குகைக்காரர்களின் பேரன் பேத்திகள் பெயரை எழுத விட்டுவிட்டார்.

அவர்கள் பிறகு தாங்களே எழுதத் தொடங்கினார்கள். கயோவா இனத்தவரும், ஹேமெஸ் என்ற பூப்ளோ ஊரில் வளர்ந்தவருமான ஸ்காட் மோமடே 1968-ல் எழுதிய 'விடியலால் கட்டிய வீடு' அடுத்த வருஷம் புலிட்ஸர் பரிசு பெற்றது. ஆகோமாவுக்கு அண்டை ஊரான லகூனாவைச் சேர்ந்த லெஸ்லி மார்மன் ஸில்கோவின் 'சடங்கு' 1977-ல் வந்தது. ஆகோமாவிலிருந்தே ஸைமன் ஆர்ட்டிஸ் என்ற கவிஞர் வந்தார். இவர்களைப் படித்த பிறகு கேதர் வேண்டியதில்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒப்பவில்லை. வீட்டுக்காரன் பார்க்காததை வழிப்போக்கன் பார்க்கும் சமயமும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் என் சிபாரிசுடன் நான் சேர்க்க விரும்பும் வார்த்தை.

ஆகோமாவிலிருந்து இறங்கும்போது, பாறையில் கைபிடிக்கக் குழி வெட்டிய பழைய படிக்கட்டு வழியாக இறங்கினோம். பாதி வழியில் மூச்சு வாங்க நின்றேன். எங்களுக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த அந்த வழிகாட்டி அம்மாள் திரும்பிப் பார்த்து, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். கதை எழுதுகிறவன் என்று மருமான் சொன்னான்.

"எங்களைப் பற்றி எழுதப் போகிறாரா?"

"இல்லை. உங்களைப் பற்றி எழுதிய ஒருவரைப் பற்றி" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு, குழிகளில் விரல் வைத்துப் பிடிக்கும் விதத்தை எனக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் காரியம், பழைய பெட்டியில் அந்த உபாத்தியாயரின் கடிதத்தைத் தேடியது. விலாசம் இருந்தது. பதில் எழுதிப் போட்டிருக்கிறேன்.